பாணி என்றால் பாணிதான்

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எஃப்11 விசையைத் தட்டியதும் திறக்கும் பலகம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை. பத்திப் பாணி, எழுத்துப் பாணி, சட்டகப் பாணி, பக்கப் பாணி, பட்டியல் பாணி. எல்லாம் ஒரே வார்ப்பு. முன்சொல் எங்கே என்று காட்டும், பின்சொல் என்ன என்று சொல்லும். உதவிப் பக்கத்தில் பத்திப் பாணியைப் படித்தவருக்குப் பக்கப் பாணி பெயரிலேயே பாதி விளங்கிவிடும்.

இந்த ஒழுங்குக்கு வேர் ஹம்பேர்க்கில். மார்கோ போரியஸ் 1985இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனம் அங்கேதான் வளர்ந்தது. 1999இல் அதை சன் நிறுவனம் வாங்கியது; மறு ஆண்டே அதன் அலுவலகத் தொகுப்பின் மூலநிரல் திறந்துவிடப்பட்டு ஓபன் ஆபீஸ் பிறந்தது; 2010இல் லிப்ரே ஆபீஸ் தனிக்கிளையானது. ஜெர்மன் இடைமுகத்தில் இந்த ஐந்து பாணிகளின் பின்னும் 'ஃபோர்லாகெ' வரும். ஆவண வார்ப்புருவின் பின்னும் அதுவே வரும். இந்த ஓரிடத்தில் ஹம்பேர்க்கோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழில் பாணி வேறு, வார்ப்புரு வேறு என்று பிரித்ததே மேல்.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை வறண்டுவிடும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. நன்னூல் சொல்லும் 'கூறியது கூறல்' குற்றத்தை எடுத்துக்காட்டுவார்கள். அதே பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' என்பதும் இருக்கிறதே! ஒரு வரியில் கோப்பு, அடுத்த வரியில் ஆவணம் என்று எழுதினால் இரண்டும் வேறென்றுதான் வாசகர் கொள்வார். அவர் கொள்வதே நியாயம்.

நான் கொண்டாடும் இந்த ஐந்து பாணிப் பெயர்களிலும் ஒரு வடு உண்டு. பல பதிப்புகள் வரை, பலகத்தில் பட்டியல் பாணியாக இருந்ததே பத்திப் பாணியின் அமைப்புப் பெட்டியில் எண்ணிடல் பாணியாக நின்றது. கையேடு எழுதியவர்கள் இரண்டும் ஒன்றே என்று விளக்க வேண்டியதாயிற்று. கண்ணில் படும்போதெல்லாம் உறுத்தும்.

முன்பு கலைச்சொல் பட்டியலில் உடன்பாடு வந்த பிறகுதான் மென்பொருள் மொழிபெயர்ப்பில் கை வைப்போம். இப்போது வரிகளைத் துண்டு துண்டாக இயந்திரத்திடம் கொடுத்து வாங்குகிறார்கள். அண்மையில் ஒரு செயலியில் பார்த்தேன்: பட்டியில் 'சேமி', பொத்தானில் 'பாதுகாக்க', பிழைச்செய்தியில் 'பதிவுசெய்ய இயலவில்லை'. பதறிப்போய் உதவியில் 'பதிவு' என்று தேடினால், புதுக் கணக்குத் தொடங்குவது எப்படி என்ற பக்கம் வருகிறது.