மாரியின் வேரைத் தேடி

பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் ஹெப்பகோடி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் புழங்கும் வட்டாரம். மாரியம்மன் என்று தமிழர் கும்பிடுபவளைக் கன்னடர் மாரம்மா என்பார்கள். பெயர்க்காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை. கதையை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவது ஒப்பியல் மொழியியலின் வழி.

லத்தீன் சேர்ந்த இத்தாலிக் கிளையில் இந்த வேலை வெகுதூரம் நடந்திருக்கிறது. வீனஸ் என்ற பெயருக்குத் தொல் இத்தாலிக்கில் *வெனோஸ் என்ற வடிவத்தை மீட்டிருக்கிறார்கள். ஆசை என்று பொருள், வடமொழி 'வனஸ்' அதன் உறவு. முன்னால் நிற்கும் உடுக்குறி, எந்தக் கல்லிலும் ஏட்டிலும் கிடைக்காத, கணித்துப் பெற்ற வடிவம் என்பதற்கு அடையாளம். வேடிக்கை என்னவென்றால், அழகின் தேவதையான அவளுடைய பெயர் அமைப்பில் அஃறிணைச் சொல்!

நம் பக்கம் கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் எழுதினார். பரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961இல் வந்தது. ஆனால் அது பொதுச்சொற்களின் அகராதி. சாமிப் பெயர்களுக்கு அதில் ஓரத்தில்தான் இடம்.

கொற்றவையில் சிக்கல் குறைவு: கொற்றமும் அவ்வையும் சேர்ந்த பெயர், கன்னட 'அவ்வ' பக்கத்துணை. எல்லம்மா அப்படியில்லை. கன்னடத்தில் 'எல்லெ' என்றால் எல்லை, 'எல்ல' என்றால் எல்லாம். இரண்டில் எதனோடு அம்மா சேர்ந்தாலும் எல்லம்மாதான். புணர்ச்சியே தடயத்தை அழித்துவிட்டது. எல்லைத்தெய்வம் என்பவர்களும் எல்லாருக்கும் தாய் என்பவர்களும் இனி ஒலியை வைத்து வழக்காட முடியாது.

மாரியில்தான் ருசி. சங்கத்தமிழில் மாரி என்றால் மழை. மலையாளத்திலும் பேமாரி என்றால் கொட்டும் மழை. கன்னடத்தில் மழைக்கு 'மளெ'தான். அங்கே மாரி என்றதும் நினைவுக்கு வருவது கொள்ளைநோய், வடமொழியிலும் அதே பொருள். கொரோனா காலத்தில் கன்னடப் பத்திரிகைகள் 'ஹெம்மாரி' என்றே எழுதின: பெரிய மாரி. இந்த 'ஹெம்' பழங்கன்னட 'பெர்' தேய்ந்தது. பகரம் ஹகரமாவது அம்மொழியின் விதி. இதற்கு உடுக்குறி வேண்டாம், கல்லே சாட்சி. 2018இல் பெங்களூர் ஹெப்பாளத்தில் கிடைத்த எட்டாம் நூற்றாண்டு நடுகல் 'பெர்பொழல்நாடு' என்கிறது; அந்தப் 'பெர்'தான் இன்றைய ஊர்ப்பெயரின் 'ஹெப்'. ஹெப்பகோடியின் முதலெழுத்தும் இவ்வழி வந்ததாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அதற்கும் இப்படி ஒரு கல் சாட்சி சொல்ல வேண்டும்.

கன்னட மாரம்மாவுக்கு மழை வேர் பொருந்தாது என்பது என் கணிப்பு. தமிழ் மாரியம்மனில் இரண்டு சொற்களும் ஒன்றாகியிருக்கலாம். கோடையில் கூழ் ஊற்றி மழை கேட்பதும் அவளிடம்தான், அம்மை கண்டால் வேப்பிலை கட்டுவதும் அவளுக்குத்தான். 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கிய பிறகு பிளேகம்மா என்றொரு சாமியும் குடியேறினாள். அந்தப் பெயருக்கு மட்டும் வேர் தேடும் வேலை இல்லை.