தண்ணீர்ச் சட்டை போட்ட மேனிஃபோல்டு

ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் டீசல் பம்புசெட் ஓடிய நாட்களில், கொட்டகைக்கு வெளியே நீட்டியிருக்கும் புகைக்குழாயின் சத்தத்தைக் கேட்டே எஞ்சின் சீராக ஓடுகிறதா, திணறுகிறதா என்று சொல்லிவிடுவார்கள். ஒரே சிலிண்டர், ஒரே குழாய். புகைக்குப் போட்டியே இல்லை.

அங்கிருந்து கிழக்கே கடலூர், நாகப்பட்டினக் கரைக்குப் போனால் விசைப்படகுகளில் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள். பலவும் லாரி எஞ்சின் வழி வந்தவை. ஆறு சிலிண்டரின் புகைவாயும், புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் ஒரே மேனிஃபோல்டில் திறந்தால், ஒரு சிலிண்டர் வெடித்துத் தள்ளும் புகை, வால்வு இன்னும் மூடாத வேறொரு சிலிண்டரை எதிர்த்து முட்டும். 1-5-3-6-2-4 என்ற வெடிப்பு வரிசையில் 1, 2, 3 ஒரு கிளை, 4, 5, 6 மறு கிளை என்று பிரித்துவிட்டால், ஒவ்வொரு கிளையிலும் 240 டிகிரிக்கு ஒருமுறைதான் புகை வரும். ஒன்றோடொன்று மோதாது, அந்தத் துடிப்பே எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவைச் சுழற்றும். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1925-லேயே காப்புரிமை பெற்ற யோசனை இது.

இதுவரை சர்ச்சை இல்லை. மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடவிடும் 'சட்டை'யில்தான் எனக்குத் தயக்கம். அதன் நியாயம் பெரியது. சுமை ஏறும்போது புகையின் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டலாம். தாழ்ந்த கூரை, மரப்பலகை, டீசல் ஈரம் உள்ள எஞ்சின் அறையில் வெறும் இரும்பு அப்படிக் காய்ந்தால் தீதான். பெரிய கப்பல்களுக்கான சர்வதேச விதியே 220 டிகிரிக்கு மேல் சூடேறும் பரப்பை மூடச் சொல்கிறது.

ஆனால் டர்போவின் தீனியே அந்த வெப்பம்தான். சட்டை அதில் ஒரு பங்கைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறது. கூலரும் பெரிதாக வேண்டியிருக்கிறது. வலை இழுக்கும்போது வேகம் குறைவு, பாரம் அதிகம். காற்று போதாமல் கரும்புகை கிளம்புவது அந்த நேரத்தில்தான்.

இதைவிட மோசமானது ஓட்டை. சட்டைக்குள் அரித்து ஊசித்துளை விழுந்தால், நின்ற எஞ்சினில் திறந்திருக்கும் வால்வு வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் கூலிங் டேங்கில் தண்ணீர் நாளுக்கு நாள் குறைகிறதென்றால், மேனிஃபோல்டையும் சந்தேகிக்க வேண்டும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

குறுகிய அறையுள்ள சிறு படகுக்குச் சட்டை இருக்கட்டும். காற்றோட்டமான அறையுள்ள இழுவலைப் படகுக்கு, இரண்டு கிளையாகப் பிரித்து வெப்பத்தடுப்புப் போர்வை போர்த்திய உலர் மேனிஃபோல்டே சரி என்பேன். போர்வையாக அஸ்பெஸ்டாஸ் கயிறு மட்டும் வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்கு எமன்.

மேனிஃபோல்டு எவ்வளவு நன்றாக வார்க்கப்பட்டிருந்தாலும், டர்போவுக்கு அப்பால் குறுகிய குழாயும் நெருக்கமான எல்போக்களும் போட்டால் புகை திரும்பி முட்டும். அதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. குழாயில் ஒரு துளையிட்டுச் செப்புக் குழல் இணைத்து, அதன் நுனியில் தண்ணீர் பாதி நிரம்பிய, உள்ளே தெரியும் ஹோஸை 'U' வடிவில் தொங்கவிட்டு, முழுப் பாரத்தில் ஓட்டிப் பார்த்தால் போதும். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையேட்டில் சொன்ன வரம்போடு ஒப்பிட்டுவிடலாம்.