கடவுளுக்குக் கண்ணேறு

மதுரை வீதியில் பட்டத்து யானைமேல் விஷ்ணுசித்தர் வருகிறார். பாண்டியன் அவையில் பரம்பொருள் யாரென்று நிறுவிப் பொற்கிழியை வென்றவர். ஊர் திரண்டு வேடிக்கை பார்க்கிறது. அந்த வேளையில் கருடன்மேல் திருமகளோடு திருமால் வானத்தில் காட்சி கொடுத்தார் என்று சொல்கின்றன குருபரம்பரை நூல்கள். வேறொருவராக இருந்தால் கைகூப்பி வரம் கேட்டிருப்பார். இவருக்கோ அடிவயிற்றில் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் பார்க்கிறார்களே, இந்த அழகுக்குக் கண்பட்டால் என்ன ஆவது? யானையின் கழுத்து மணிகளையே தாளமாக எடுத்துக்கொண்டு, காலமெல்லாம் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று கடவுளை வாழ்த்தத் தொடங்கிவிட்டார். அந்தப் பன்னிரண்டு பாசுரங்களே திருப்பல்லாண்டு. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தின் முதலில் நிற்பதும் அதுதான். பாடியவருக்குப் பெரியாழ்வார் என்று பெயர் நின்றுவிட்டது.

இப்போது காளத்தி மலைக்கு வருவோம். உடுப்பூர் வேடர் தலைவன் மகன் திண்ணன். மலைமேல் குடுமித்தேவர் என்னும் சிவலிங்கத்தைக் கண்டதும் அவனுக்கு முதலில் தோன்றியது, இவர் தனியாக இருக்கிறாரே என்பதுதான். காட்டில் புலி உண்டு, கரடி உண்டு. பசித்தால் யார் சோறு போடுவார்கள்? பன்றி இறைச்சியைப் பதம் பார்த்துச் சுட்டு, வாயில் நீரும் தலையில் பூவுமாகக் கொண்டுவந்து படைத்தான். இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்றான். ஆறாம் நாள், அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் மறைந்து நின்று பார்த்திருக்க, லிங்கத்தின் கண்ணில் குருதி வந்தது. பச்சிலை பிழிந்து பார்த்தான், நிற்கவில்லை. தன் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்பினான். மற்றக் கண்ணிலும் வரவே, இடம் தெரிய வேண்டுமே என்று செருப்புக் காலை அங்கே ஊன்றிக்கொண்டு, தன் மிச்சக் கண்ணிலும் அம்பை வைத்தான். அதற்குள் இறைவன் கை நீண்டு தடுத்தது. திண்ணன் கண்ணப்பர் ஆனான்.

வைணவத்தில் ஒரு கதை, சைவத்தில் ஒரு கதை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் இரண்டிலும் அன்பு ஒரே இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. எல்லாம் வல்லவனுக்கு ஆபத்து வரும் என்று பதறுவது தர்க்கத்துக்குப் பொருந்தாது, அன்புக்குப் பொருந்துகிறது. தமிழில் தெய்வக் காதலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆண்டாளின் ஏக்கத்தையும் மணிவாசகரின் கண்ணீரையுமே எடுத்துக்கொள்கிறார்கள். மரபோ, உருக்கத்தைக் கொண்டாடினாலும், மேலான இடத்தைப் பரிவுக்கே கொடுத்து வைத்திருக்கிறது. பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில் மற்ற ஆழ்வார்களுக்கும் பெரியாழ்வாருக்கும் இதிலேதான் வேற்றுமை காட்டுகிறார். மற்றவர்களுக்கு இறைவனை வாழ்த்துவது அவ்வப்போது வரும் நிலை. இவருக்கு அது இயல்பு. சைவத்தில் மணிவாசகரே கண்ணப்பரைப் போன்ற அன்பு தமக்கு இல்லையே என்று ஏங்கியவர்.

வகைகளாகப் பிரித்துப் பார்ப்பதென்றால் சைவத்தின் வகுப்பு எளிதில் பிடிபடும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு பாதங்களுக்கு நேராக நான்கு உறவுகள்: அடிமை, மகன், தோழன், ஞானநெறியில் நிற்பவன். அப்பர், சம்பந்தர், சுந்தரர், மணிவாசகர் என்று நால்வரையும் இவற்றுக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துவது வழக்கம். இந்த அட்டவணை படிப்பதற்கு வசதியானது. பாடல்களோ அதற்குள் அடங்குவதில்லை. அப்பரின் திருவாரூர்த் தாண்டகம் ஒன்றில் ஒரு பெண், பெயரைக் கேட்டதில் தொடங்கி வீட்டையும் தன்னையும் மறக்கும் வரை போகிறாள். அடிமை நெறிக்கு எடுத்துக்காட்டான பெரியவர் காதலியாகவும் பாடியிருக்கிறார். காரைக்காலம்மையார் எந்தக் கட்டத்திலும் சேரமாட்டார். பேயுருவை வேண்டிப் பெற்று, கயிலையில் தலையால் நடந்து வந்தவரைச் சிவபெருமானே அம்மையென்று அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார்.

தோழமைக்குச் சுந்தரர். இங்கேதான் மரபு தன் எல்லையைத் தானே உரசிப் பார்க்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த செய்தி கேட்டுப் பரவையார் கதவடைத்துவிட்டார். சுந்தரர் சிவபெருமானைத் தூது அனுப்பினார். ஒருமுறை அல்ல, இருமுறை, நள்ளிரவில், திருவாரூர்த் தெருவில் இறைவன் நடந்தார். இதைக் கேள்விப்பட்ட ஏயர்கோன் கலிக்காமருக்குப் பொறுக்கவில்லை. ஆண்டவனை ஒரு பெண்ணிடம் தூது விடுவதா? அதைக் கேட்டும் நான் உயிரோடு இருப்பதா? சூலை நோய் வந்தது. சுந்தரர் வந்தால்தான் தீரும் என்று இறைவன் சொன்னார். அவனால் தீர்வதைவிடச் சாவதே மேல் என்று கலிக்காமர் தம் வயிற்றையே கிழித்துக்கொண்டார். வந்து பார்த்த சுந்தரரும் அதே வாளால் உயிர்விடத் துணிந்தபோது, கலிக்காமர் எழுந்து தடுத்தார். இருவரும் நண்பரானார்கள்.

இந்த வரலாற்றில் சேக்கிழார் தீர்ப்புச் சொல்லவில்லை. உரிமை எடுத்துக்கொண்டவரும் அடியார், அதைக் கேட்டுக் கொதித்தவரும் அடியார். பெரியபுராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அன்பில் எதுவரை போகலாம் என்ற வழக்கை வாதி, பிரதிவாதி இருவரையும் நாயன்மாராக்கி முடித்த சமயம் வேறு எங்கேனும் உண்டா என்று யோசித்துப் பார்க்கலாம்.

வைணவத்தில் பாடியவர்களைக் காட்டிலும் உரைகாரர்களே அளவுகோலை வகுத்தவர்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன உரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தினார். ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று பெயர். 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. 36,000 படி உரை அது. திருவாய்மொழியில் நூறு பதிகங்கள்; அவற்றில் 27 பெண் பேச்சாக அமைந்தவை. மகள் பேசுவது 17, தாய் பேசுவது 7, தோழி பேசுவது 3. ஆழ்வார் ஆண்மகன், பேசுவது பராங்குச நாயகி. ஏன் மூன்று குரல்கள்? அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் தம் ஆசார்ய ஹிருதயத்தில் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். இறைவனோடு உள்ள உறவை உணர்ந்த நிலை தோழி. அவனே வழி என்று துணிந்த நிலை தாய். பலனுக்காகப் பதறும் நிலை மகள். ஒரே ஆழ்வாரின் மூன்று மனநிலைகள் அவை. தோழி வேறிடம் தேடாதே என்கிறாள், தாய் பொறு என்கிறாள், மகளோ பொறுப்பதாக இல்லை. காதல் பாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று எட்டெழுத்துத் திருமந்திரத்தின் பொருளாகவே விரிந்துவிடுகிறது.

தோழி பேசும் பதிகம் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும், சங்கப் புலவரின் கருவியை ஆழ்வார் எப்படித் திருப்பிப் பிடித்தார் என்று. சங்க அகப்பாட்டில் மகள் மெலிகிறாள். காரணம் தெரியாத தாய் கட்டுவிச்சியைக் கூப்பிட்டுக் குறி கேட்கிறாள். வேலன் வந்து வெறியாடுகிறான். உண்மை தெரிந்த தோழி அதைத் தடுக்கிறாள். இந்த நோய்க்கு முருகன் காரணம் இல்லை, மலைநாட்டு இளைஞன் ஒருவன் என்பது அவளுக்குத் தெரியும். நம்மாழ்வாரிடத்திலும் தாய் தவிக்கிறாள், கள்ளும் இறைச்சியும் தூவி வெறியாட ஏற்பாடாகிறது, தோழி குறுக்கே நிற்கிறாள். ஆனால் இங்கே நோய்க்குக் காரணமானவனும் ஒரு தெய்வமே. மருந்தாக அவள் சொல்வது அடியார்களின் பாததூளி. பழைய துறை அப்படியே இருக்கிறது. நோயின் முகவரி மட்டும் மாறியிருக்கிறது.

இதற்கு இலக்கணம் இடம் கொடுக்கிறதா? தொல்காப்பியர் அகத்திணையில் தலைவன் பெயரைச் சொல்லவிடமாட்டார். பெயர் சொல்லிவிட்டால் அது புறம். கடவுளைக் காமுற்ற பெண்களின் பாட்டை அவர் புறத்தைச் சேர்ந்த பாடாண் திணையில் அனுமதித்தார். புறப்பொருள் வெண்பாமாலையும் அதற்குத் துறை வகுத்தது. ஆகவே கறாராகப் பார்த்தால் திருவாய்மொழியின் மகள் பதிகங்களும் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியும் புறப்பாட்டுகள். திருமங்கையாழ்வார் இன்னும் ஒரு படி மேலே போனார். காதல் கைகூடாதபோது மடலேறுவது ஆணுக்கு உரியது, பெண்ணுக்கு இல்லை என்பது தமிழ் மரபு. அவரோ பெண் குரலில் சிறிய திருமடலும் பெரிய திருமடலும் பாடினார். தெற்கு வழக்கு எனக்குத் தெரியும், நான் வடக்கு வழியில் போகிறேன் என்று பெரிய திருமடலில் நாயகியையே சொல்லவும் வைத்தார். விதியை அறிந்து மீறுகிறவனுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

ஆண்டாளுக்கு வேடம் தேவைப்படவில்லை. மற்ற ஆழ்வார்களின் காதல் மேட்டுமடை, இவள் காதல் பள்ளமடை என்று உரைகாரர்கள் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு விளக்கம் வேண்டாம். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. முதலாவது மார்கழியில் ஊர்தோறும் கேட்கிறது. இரண்டாவதில் திருமணக் கனவுப் பாசுரங்கள் மட்டும் கல்யாண வீட்டுக்கு வருகின்றன. எஞ்சியவற்றை மேடையில் சொல்லப் பலருக்குக் கூச்சம். ஆண்டாளுக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை.

மணிவாசகரின் திருக்கோவையார் தனி வகை. அகத்துறைகளை வரிசைப்படுத்தி 400 பாடல்கள். தில்லைக் கூத்தன் அதில் காதலன் இல்லை. பாட்டுடைத் தலைவன் மட்டுமே. காதலர் இருவரும் மனிதர்கள். பேராசிரியர் உரையும் அதை அகப்பொருள் நூலாகவே நடத்துகிறது. பிற்காலத்துச் சைவர்கள் அதற்குள் தத்துவம் கண்டபோது வழக்கமான பாகங்களை மாற்றிப் போட்டார்கள்: உயிர் தலைவன், சிவம் தலைவி, திருவருள் தோழி. ஆழ்வார்களிடம் பெண்ணாக நின்ற உயிர் இங்கே ஆணாகித் தேடிப் போகிறது. எனக்கு இந்தத் தத்துவ உரையைவிடப் பேராசிரியரின் அடக்கமே பிடிக்கும். ஆனால் உயிரைத் தலைவனாக்கும் அந்தப் போக்கு வீணாகவில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனை மனோன்மணி என்னும் பெண்ணாக அழைத்துக் கண்ணிகள் பாடினார். பாரதியின் கண்ணன் பாட்டில் கண்ணன் தாய், தந்தை, சேவகன், சீடன் எல்லாமாகிக் கடைசியில் கண்ணம்மாவாகவும் ஆகிறான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியிலோ, பழையபடி, தேவமோகினி கிறிஸ்துவைக் காதலிக்கும் தலைவி. குறி சொல்லக் குறத்தியும் உண்டு. சமயம் எதுவானாலும் காதலுக்குத் துறை ஒன்றுதான் என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வைணவத்தின் வடகலை, தென்கலைப் பிணக்கைப் பற்றி இங்கே நீட்ட வேண்டாம். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொள்கிறது என்ற உவமையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். தாய் விடமாட்டாள் என்பதில் இரு கலையாருக்கும் ஐயமில்லை.

நூல்களில் உள்ள அன்பின் அளவுகோலைக் கோயில்கள் கண்ணால் காணவும் வைத்திருக்கின்றன. திருவரங்கத்தில் பாசுரங்கள் ஓதும் அத்யயன உற்சவத்தின் இராப்பத்து ஏழாம் நாள் திருக்கைத்தல சேவை. நம்மாழ்வார் பராங்குச நாயகிக் கோலத்தில் எழுந்தருள்வார்; அர்ச்சகர்கள் அவரைக் கையிலேந்தி நம்பெருமாள் முன் கொண்டுபோவார்கள். பங்குனியில் நம்பெருமாள் உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்பிய பின், உத்திரத்தன்று ரங்கநாச்சியார் கதவை அடைத்துக்கொள்வார். மட்டையடி என்று மக்கள் சொல்கிறார்கள். ஏட்டில் பிரணய கலகம். பெருமாள் மேல் பூவும் பழமும் வந்து விழும். தொலைந்த கணையாழியைத் தேடிப் போனதாக அவர் தரப்பில் சமாதானம் சொல்லப்படும். தாயார் தரப்பு நம்பாது. சமரசம் செய்துவைக்க வருபவர் நம்மாழ்வார். ஊடல் தீர்ந்த பின் சேர்த்தி. இராமானுசர் கத்யத்ரயம் சமர்ப்பித்ததும் இந்தச் சேர்த்தியின் முன்தான் என்பது சம்பிரதாயம்.

திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கல் நாள் மாலை திருவூடல். பிருங்கி முனிவருக்கு அருள அண்ணாமலையார் கிளம்ப, அம்மன் கோபித்துக் கோயிலுக்குத் திரும்பிவிடுவார். அதற்கென்றே அங்கு திருவூடல் வீதி இருக்கிறது. இடையே தூது போகிறவர் சுந்தரர். திருவாரூரில் பட்ட கடனை அவர் திருவண்ணாமலையில் அடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, வியாக்கியானமும் சொல்லும் அரையர் சேவை ஒரு காலத்தில் பல திவ்ய தேசங்களில் இருந்தது. இன்று திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்து மேல்கோட்டை என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. அதில் முத்துக்குறி என்றொரு பகுதி உண்டு. மகள், தாய், கட்டுவிச்சி மூவரும் ஒரே அரையரிடம் வந்து போவார்கள். மேலே சொன்ன மகள் குரலும் தாய் குரலும் அங்கே காதில் விழும். இதைப் படிக்கும் அன்பர்கள் அடுத்த அத்யயன உற்சவத்துக்கு ஒருநாளாவது போய், பின்வரிசையில் நின்றாவது, அதைக் கேட்டு வாருங்கள். கூடவே வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.