சுவர் இழந்த இடத்தில் சிலுவை

ஆலயத்தில் ஒளி என்பது பார்ப்பதற்கு உதவும் வசதி மட்டுமன்று. கல்லையும் மரத்தையும் போல அதுவும் ஒரு கட்டுமானப் பொருளே. பாரிசுக்கு அருகே புனித தெனி ஆலயத்தின் புதிய பீடப்பகுதியை 1144-இல் நிறைவு செய்த மடாதிபதி சூழேர் இதனை அறிந்திருந்தார். பொருளின் ஒளி வழியாக மனம் மெய்யொளியை நோக்கி உயரும் என நம்பி, வண்ணக் கண்ணாடி பதித்த பெருஞ்சன்னல்களை அமைத்தார். கோத்திக் கலை அங்கே பிறந்தது.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் சப்பானியக் கட்டடக் கலைஞர் டடாவோ ஆண்டோ. ஒசாகாவுக்கு அருகே இபராக்கியில் 1989-இல் அவர் கட்டி முடித்த சிறிய புராட்டஸ்தாந்து ஆலயம் ‘ஒளியின் ஆலயம்’ எனப் பெயர் பெற்றது. அங்கே வண்ணமில்லை, சுரூபமில்லை, சுவருக்குப் பூச்சுமில்லை. கான்கிரீட் சுவர்கள், கருநிறப் பலகைகளாலான தரை, இருக்கைகள், அரையிருள். பீடத்தின் பின்சுவரில் நெடுக்காகவும் குறுக்காகவும் இரு பிளவுகள். அவற்றின் வழியே வெளிச்சம் சிலுவையாக நுழைகிறது.

இச்சிலுவை சுவரில் மாட்டப்பட்ட பொருளன்று. சுவர் தன்னை இழந்த இடம். தம்மையே வெறுமையாக்கிய கிறிஸ்துவைப் பற்றிப் பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதியதை, ஒரு கான்கிரீட் சுவர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எனினும் கத்தோலிக்க உள்ளம் ஒரு குறையை உணரும். பாடுபட்ட சுரூபம் இல்லாத சிலுவையில் காயங்கள் இல்லை. அழகு மிகும்போது வேதனை மறைந்துவிடலாம். பிளவுகளுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பதே ஆண்டோவின் விருப்பம். குளிரை முன்னிட்டுக் கண்ணாடி பொருத்தப்பட்டது. ஒளியோடு குளிர்காற்றும் உள்ளே வந்திருந்தால், சிலுவையின் கடுமையை மக்கள் உடலாலும் உணர்ந்திருப்பர்.

இக்குறை இருப்பினும் அவ்வாலயம் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது: இருளை மதியாதவன் ஒளியை அறியான். நாமோ பீடத்தைச் சுற்றி வண்ணச் சரவிளக்குகளை ஓடவிடுகிறோம்; பட்டப்பகலிலும் குழல்விளக்குகளை எரிக்கிறோம். கண் கூசுகிறது, உள்ளம் குவிவதில்லை. ஆடம்பரத்தைவிட உயரிய அழகையே திருக்கலை நாடவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டுச் சாசனத்தில் பணித்தது. பாஸ்கா இரவில் விளக்குகள் அனைத்தையும் அணைத்து, ஒரே திரியின் சுடரோடு ஆலயத்துள் நுழைகிறோம். அந்த ஞானம் ஆண்டுக்கு ஓரிரவோடு முடிந்துவிடலாகாது. நற்கருணைப் பேழையருகே எரியும் சிறு விளக்கு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கேனும் நம் ஆலயங்களில் சற்று இருளை விட்டுவைப்போம்.