பேட்டரிக்கு அடியில் எழுதப்படாத ஊர்: பழைய மின்விளையாட்டு ஆர்வமும் ஸ்ரீபெரும்புதூர்க் கைப்பேசி ஆலையும்

ஆய்வுச் சுருக்கம்

பழைய மின்விளையாட்டுகள், கருவிகள், அவை பற்றிய இதழ்கள் ஆகியவற்றின்மீது பெருகிவரும் ஆர்வம், விளையாடியவரையும் வடிவமைத்தவரையும் நினைவில் கொள்கிறது, செய்தவரை விட்டுவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா ஆலையையும், கைப்பேசிகளில் இடம்பெற்ற பாம்பு விளையாட்டையும் முன்வைத்து இந்த மறதி எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மின்விளையாட்டு, நினைவேக்கம், கைப்பேசி, ஸ்ரீபெரும்புதூர், பெண்தொழிலாளர், ஆவணகம்.

நினைவேக்கமும் முதற்பொருளும்

மின்விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர்க்கு டோக்கியோவும் கலிஃபோர்னியாவும் பழகிய பெயர்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீபெரும்புதூர் அந்த வரலாற்றில் இடம்பெறுவதில்லை. வைணவர்க்கு அது இராமானுசர் பிறந்த ஊர். 1990களின் இறுதியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் எனப் பரந்து கார், கண்ணாடி, மின்னணுப் பொருள் ஆலைகள் நிறைந்த தொழில் தடமாகவும் அது அறியப்படுகிறது. இந்த இரு அடையாளங்களோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டியுள்ளது. இந்தியர் பலர் தம் வாழ்வில் முதன்முதலாக ஆடிய மின்விளையாட்டைத் தாங்கிய கருவிகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட ஊர் அது.

பழைய விளையாட்டுகளின்மீதான ஆர்வம் மேலைநாடுகளிலும் ஜப்பானிலும் அச்சிதழ்களின் துணையோடு வளர்ந்தது. பிரிட்டனில் 1981இல் ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ இதழும், ஜப்பானில் 1986இல் ‘ஃபாமிட்சு’வும் தோன்றின. இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் அவ்விதழ்களில் விளம்பரம், விலை, மதிப்புரை, வாசகர் கடிதம் என ஒரு காலத்தின் பதிவே அடங்கியுள்ளது. தமிழில் அத்தகைய வலுவான இதழ் மரபு உருவாகவில்லை. 1990களின் தமிழ் வீடுகளில் ‘டிவி கேம்’ என்று வழங்கிய கருவிகளின் வரலாறு இதனாலேயே வாய்மொழியாக நிற்கிறது. நின்டெண்டோவின் ஃபாமிகாமைப் பின்பற்றி வந்த அக்கருவிகளுக்குள் செருகப்பட்டதைத் தமிழர் ‘கேசட்’ என்றே அழைத்தனர். ஒரே கேசட்டில் இலட்சக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக அதன் ஒட்டுத்தாள் கூறும். உள்ளே சில பத்து விளையாட்டுகளே மாறி மாறி வரும். அசல் எது, நகல் எது என்ற வினா தமிழகத்து விளையாட்டு அனுபவத்தில் தொடக்கத்திலேயே குழம்பியிருந்தது என்பதை மட்டும் இங்குக் குறித்துக்கொள்ளலாம்.

ஏக்கம் தோய்ந்த எழுத்துகளின் பொதுவடிவம் தெரிந்ததே. கோடை விடுமுறை, மாமாவின் பட்டன் போன், இரவில் போர்வைக்குள் ஒளிரும் பச்சைத் திரை, சுவரில் மோதி முடியும் பாம்பு. தொல்காப்பியம் கூறும் முப்பொருள்களைக் கொண்டு இவ்வெழுத்தை நோக்கினால் ஒரு குறை புலப்படும். உரிப்பொருள், அதாவது பிரிவாற்றாமை, அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. பொத்தான், ஒலி, உறை, சார்ஜர் எனக் கருப்பொருளுக்கும் பஞ்சமில்லை. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளோ விளையாடியவரின் வீட்டுக்குள் சுருங்கிவிடுகிறது. கருவி அவ்வீட்டுக்கு வருவதற்கு முன்பு எந்த நிலத்தில் இருந்தது, எந்தப் பொழுதில், எந்த ஷிப்டில் உருப்பெற்றது என்பவை எழுதப்படுவதில்லை.

எண்ணில் இருந்த ஊர்

நினைவேக்கத்தைக் குறிக்கும் மேலைச்சொல்லை 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவர் வீடு திரும்புதல், வலி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து உருவாக்கினார். ஸ்வெத்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இழந்த வீட்டை அப்படியே மீட்டெழுப்ப முனையும் ஏக்கத்தையும், இழப்பையே எண்ணிப்பார்க்கும் ஏக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். பழைய கைப்பேசியைப் பொறுத்தவரை வினா இதற்கும் முந்தையது: எது வீடு?

சேகரிப்பாளர்களிடம் இதற்கு ஒரு விடை உண்டு. பழைய நோக்கியா கைப்பேசிகளின் விற்பனைப் பேச்சில் ‘ஃபின்லாந்தில் செய்தது’, ‘ஹங்கேரியில் செய்தது’ என்பவை இன்றும் உயர்வுச் சொற்கள். இந்த மனப்பாங்கின் வேர் பழையது. கைப்பேசி பரவலான ஆண்டுகளில் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் ஓர் அறிவுரை சுற்றிவந்தது. *#06# என அழுத்தினால் திரையில் தோன்றும் ஐ.எம்.இ.ஐ. எண்ணின் 7, 8ஆம் இலக்கங்களைப் பார்க்க வேண்டும்; 00 என்றால் அசல் ஆலையில் செய்தது, மிகச் சிறந்தது; 02 அல்லது 20 என்றால் அமீரகத்தில் பொருத்தியது, தரம் குறைந்தது; 13 என்றால் அஜர்பைஜான், உடல்நலத்துக்கே கேடு. கருவியின் பிறப்பிடத்தைக் கொண்டு அதன் குலத்தை அறியும் இச்சோதிடம் தமிழகத்திலும் செல்வாக்குப் பெற்றிருந்தது.

இவ்வறிவுரை முழுக் கற்பனை அன்று என்பதே இதில் கவனிக்கத்தக்கது. அந்த இரு இலக்கங்கள் ஒருகாலத்தில் கருவி இறுதியாகப் பொருத்தப்பட்ட இடத்தைச் சுட்டும் குறியீடாகவே இருந்தன. அது உற்பத்தியாளர் தம் வசதிக்காக வைத்துக்கொண்ட குறி; தரத்துக்கோ உடல்நலத்துக்கோ அதனோடு தொடர்பில்லை. 2003 சனவரி முதல் எல்லாக் கைப்பேசிகளுக்கும் அவ்விடத்தில் 00 என்றே இடப்பட்டது. 2004 ஏப்ரலுக்குப் பின் குறியீடே நீக்கப்பட்டு, அவ்விலக்கங்கள் கருவி வகையைக் குறிக்கும் எண்ணோடு இணைக்கப்பட்டன.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2006 சனவரியில். அதாவது, செய்யும் ஊரைக் கைப்பேசியின் எண் தன்னுள் தாங்கியிருந்த காலம் முடிந்த பிறகே ஸ்ரீபெரும்புதூர் கைப்பேசி செய்யத் தொடங்கியது. அங்கு உருவான கோடிக்கணக்கான கருவிகளில் எதன் எண்ணிலும் அவ்வூர் இல்லை. பேட்டரியைக் கழற்றினால் தெரியும் ஒட்டுத்தாளில் ‘இந்தியாவில் செய்தது’ என நாட்டின் பெயர் மட்டும் உண்டு. பழம்பொருள் ஆர்வலரின் ‘அசல்’ பற்றிய கவலையில் அந்தத் தாளும் ஒரு குறையாகவே எண்ணப்படுகிறது. சொந்த மாவட்டத்தில் செய்த பொருளைவிட ஹங்கேரியில் செய்ததையே காஞ்சிபுரத்துச் சேகரிப்பாளரும் அசலெனக் கருதினால், அவரது ஏக்கம் யாருடைய வீட்டுக்குத் திரும்புகிறது?

ஆலையே வெளியீட்டகம்

பாம்பு விளையாட்டின் வரலாற்றில் உறுதியான செய்திகள் பல உள்ளன. அதன் மூலவடிவம் 1976இல் கிரெம்லின் நிறுவனம் வெளியிட்ட ‘பிளாக்கேட்’. தனேலி அர்மன்டோ எழுதிய வடிவம் 1997இல் நோக்கியா 6110 கைப்பேசியில் வந்தது. அக்கைப்பேசித் திரையில் குறுக்கே 84, நெடுக்கே 48 புள்ளிகளே இருந்தன. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் மின்விளையாட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கியபோது, இனிச் சேர்க்க விரும்புவனவற்றின் பட்டியலில் பாம்பையும், 1997ஆம் ஆண்டின் நோக்கியா வடிவத்தைச் சுட்டி, இடம்பெறச் செய்தது.

இவ்வரலாற்றில் ஆலைக்கு இடமில்லாமற்போனது ஏன்? விளையாட்டை ஒரு படைப்பாகவும் கைப்பேசியை அதன் வெறும் கலமாகவும் பார்க்கும் பழக்கமே காரணம். பாம்பு விளையாட்டைப் பொறுத்தவரை இப்பிரிப்பு பொருந்தாது. அது தனியே விற்கப்பட்டதில்லை, கடைக்கு வரவில்லை, கேசட்டும் பெட்டியும் அதற்கு இல்லை. மலிவு விலைக் கைப்பேசிகளில் அது கருவியின் அடிப்படை மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. அம்மென்பொருள் ஆலையில் ஏற்றப்பட்டது. மின்சுற்றுப் பலகையில் உறுப்புகள் பதிந்து, மென்பொருள் ஏறி, திரையும் பொத்தான்களும் சோதிக்கப்பட்டு, மூடி பொருத்திப் பெட்டியிலிட்ட கணத்தில் அவ்விளையாட்டு வெளியீடு பெற்றது. புத்தக உலகின் சொற்களில் கூறினால், எழுதியவர் ஃபின்லாந்தில் இருந்தார்; அச்சகமும் கட்டுமானக் கூடமும் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தன. தமிழ்ப் பதிப்பு வரலாற்றாய்வு அச்சகங்களையும் அச்சுக்கோத்தவர்களையும் பொருட்படுத்தக் கற்றுக்கொண்டுவிட்டது. விளையாட்டு வரலாறு இன்னும் நூலாசிரியர் பட்டியலிலேயே நிற்கிறது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பாம்பை ஆடிய பிள்ளைக்கு அதைச் செய்தவரை அறியும் கடமை உண்டா? திரைப்படத்தில் உருகுபவர் படச்சுருளைக் கழுவியவரைத் தேடுவதில்லையே? பிள்ளைக்குக் கடமை இல்லைதான். ஆனால், பழம்பொருள் ஆர்வம் பிள்ளையின் நினைவோடு நிற்பதில்லை. உறையின் நிறவேறுபாடு, மென்பொருள் பதிப்பெண், பெட்டியின் அச்சு, தயாரிப்பு நாடு எனப் பொருண்மையை நுணுகி ஆராய்வதே அதன் பெருமை. தயாரிப்பு நாடு எது என்று கேட்கும் ஒருவர், யார் கையில் என்ற அடுத்த வினாவுக்கு முன் நின்றுவிடுவது அவருடைய அளவுகோலின்படியே குறை.

வேறொரு வசதியான வாசிப்பையும் விலக்க வேண்டும். உண்ண உண்ண நீண்டு, தன் நீளத்தாலேயே மடியும் பாம்பைத் தொழிலாளியின் உருவகமாகவோ மூலதனத்தின் உருவகமாகவோ படிப்பது எளிது. எளிது என்பதாலேயே அது ஐயத்துக்குரியது. உருவகம் கிடைத்ததும் மனிதர் மறைந்துவிடுகின்றனர்.

இரு ஆவணகங்கள்

ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் 2025 சனவரியில் நோக்கியா வடிவமைப்பு ஆவணகத்தை இணையத்தில் திறந்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து 2017 வரையிலான வரைபடங்கள், மாதிரிகள், விளக்கவுரைகள், வடிவமைப்பாளரின் நினைவுகள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. கைவிடப்பட்ட கற்பனைகளுக்கும் அங்கு இடம் உண்டு. இத்தகைய பணியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. எனினும் பெயர் காட்டுவதுபோல் அது வடிவமைப்பின் நினைவகம். செய்யப்படாத கைப்பேசியின் வரைபடம் பாதுகாக்கப்படும் அளவுக்குச் செய்யப்பட்ட கைப்பேசியின் உற்பத்திக்கூட வாழ்வு பாதுகாக்கப்படுவதில்லை.

இதன் எதிரில் வைத்துப் படிக்கத்தக்கது ‘மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்’. நோக்கியா ஆலையில் வேலை பார்த்த இளம்பெண்கள் சிலர், தாங்கள் சேர்ந்து வாழ்ந்த வாடகை வீட்டில் மதுமிதா தத்தா முதலியோருடன் தமிழில் பேசிய உரையாடல்கள் முதலில் ஒலிப்பதிவுத் தொடராக வந்தன. 2021இல் ஜுபான் பதிப்பகத்தின் ஆங்கில நூலாயின. வேலை, சம்பளம், தோழமை, திருமணம், ஊராரின் கண் என விரியும் அப்பேச்சில் ஆலை ஒரே சமயத்தில் களைப்பின் இடமாகவும் விடுதலையின் இடமாகவும் வருகிறது. ஆலைத் தொழிலாளரில் பெரும்பான்மையோர் பெண்கள். கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வந்து மூன்று ஷிப்டுகளில் உழைத்தவர்கள். அவர்களைப் பரிதாபத்துக்குரியோராகவே காட்டும் எழுத்துகளிலிருந்து இத்தொகுப்பு விலகி நிற்பது அதன் வலிமை. (தமிழில் பேசப்பட்ட பேச்சு ஆங்கில நூலாகத் தமிழ் ஆய்வாளரின் மேசைக்கு வந்து சேர்வது தமிழ்ப் பதிப்புலகம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.)

இவ்விரு தொகுப்புகளும் ஒன்றையொன்று அறியாதவைபோல் இருக்கின்றன. முன்னதில் பொருள் இருக்கிறது, உழைப்பு இல்லை. பின்னதில் உழைப்பும் உழைத்தவரும் இருக்கின்றனர். அவர்கள் செய்த பொருள் பேச்சின் பின்புலமாக ஒதுங்குகிறது. பழம்பொருள் சேகரிப்பாளர் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கக்கூடியவர். அவர் கையில் கருவி இருக்கிறது.

ஆலையின் முடிவும் இந்நினைவில் சேர வேண்டியதே. 2010இன் இறுதியில் ஓர் இளம்பெண் தொழிலாளி அங்கு இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். 2013இல் வரி வழக்கு எழுந்து சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். இருபதுகளின் நடுவில் இருந்தவர்களுக்கு ‘ஓய்வு’ என்ற சொல் வழங்கப்பட்டது தமிழின் அலுவல் நடைக்கே உரிய விந்தை. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது.

மூன்றே ஆண்டுகளில் பாம்பு திரும்பி வந்தது. 2017 பிப்ரவரியில் பார்சிலோனாவில் புதிய 3310 அறிமுகமாயிற்று; இந்தியாவில் அதன் விலை, நினைவைக் காசாக்கும் குறும்போடு, 3,310 ரூபாய். 2000இல் வெளிவந்த மூல 3310 ஸ்ரீபெரும்புதூரின் பொருளன்று. அதன் காலம் ஆலைக்கு முந்தியது. அவ்வூரின் உற்பத்தியில் பெரும்பகுதி மலிவு விலைக் கைப்பேசிகள். அவ்வகையைச் சேர்ந்த 1100 உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றும், நினைவுச்சின்னமாகத் தேர்வு பெற்றது 3310தான். அரியதை மதிக்கும் சேகரிப்பு மனம் ஏராளமானதை மதிக்க அறியாது. கூலித் தொழிலாளியும் நடவு வேலைக்குச் செல்பவரும் சட்டைப்பையிலோ முந்தானையிலோ முடிந்துவைத்திருந்த கருவிக்குப் பீடம் கிடைக்கவில்லை.

ஆலைக் கட்டடங்கள் வெறுமையாக இல்லை. 2020இலிருந்து அங்கு சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் முதலியவற்றைச் செய்கிறது. சற்றுத் தள்ளிச் சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. அவற்றின் பெட்டியில் கலிஃபோர்னியாவில் வடிவமைத்தது, இந்தியாவில் பொருத்தியது என இரு செய்திகள் அச்சாகின்றன. எதிர்காலச் சேகரிப்பாளர் இவற்றுள் முதல் செய்தியை மட்டும் படிப்பாரா என்பது இனிமேல்தான் தெரியும்.

முந்தைய ஆலையைப் பற்றிய கேள்விகளுக்கு விடை கூறக்கூடியோர் இன்றும் காஞ்சிபுரம், திருவள்ளூர், இராணிப்பேட்டை மாவட்டங்களில் இருக்கின்றனர். 2006இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்போது ஏறத்தாழ நாற்பது வயது. சோதனை மேசையில் திரை முதன்முதலாக ஒளிர்ந்தபோது என்ன தெரிந்தது, ஒரு ஷிப்டில் எத்தனை கருவிகள் கைமாறின, தாம் செய்த கைப்பேசியைத் தாமே வாங்கினார்களா, அதில் பாம்பை ஆடினார்களா என அவர்களிடம் கேட்டுப் பதியலாம். அப்பதிவுகளை அவரவர் காலத்துக் கைப்பேசியின் பேட்டரிக்கு அடியில் உள்ள ஒட்டுத்தாளின் படத்தோடு சேர்த்து வைப்பது, தமிழில் ஒரு விளையாட்டு ஆவணகத்தைத் தொடங்குவதற்குப் போதும்.