அடிநாதமும் பெயரறியாக் கைகளும்

திரைப்பாடலைப் பற்றி நம்மிடையே எழும் திறனாய்வு பெரும்பாலும் மூன்று பெயர்களோடு நின்றுவிடுகின்றது. பாட்டை யாத்த கவிஞர், இசையமைத்தவர், பாடியவர் ஆகிய இம்மூவருமே அதன் முழு உரிமையாளர் எனக் கொள்ளப்படுகின்றனர். ஆயின், இம்மூவர்க்கும் கீழே, பாட்டின் அடியில், நான்கு தந்திக் கருவியொன்றை மீட்டிப் பாட்டு எங்கே நிற்கின்றது, எங்கே திரும்புகின்றது என்பதைச் செவிக்கு உணர்த்தும் ஒருவர் உளர். அவர் பெயர் யாது என்று நாம் வினவுவதில்லை. அவ்வாறு வினவாமையால் அவர்க்கு நேர்ந்த இழப்பு ஒருபுறமிருக்க, நம் திறனாய்வுக்கு நேர்ந்த குறை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

பேஸ் கிற்றார் எனப்படும் அக்கருவி பழமையானதன்று. ஆளுயரத்துக்கு நிறுத்தி வாசிக்கப்பட்ட பெரிய டபிள் பேஸ் செய்துவந்த பணியை, 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ பென்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின்சாரக் கருவி மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது. அதன் பணி தாளத்துக்குத் துணைசெய்வது மாத்திரமே என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழையென்பதை ஆர்மோனியம் ஒன்றைக்கொண்டு எவரும் அறிந்துகொள்ளலாம். வலக்கையால் மேல் ஸ்தாயிச் சட்சத்தை விடாது ஒலிக்கச் செய்து, இடக்கையால் கீழே முதலில் சட்சத்தையும், பின்னர் சதுசுருதி தைவதத்தையும், அதன்பின் சுத்த மத்திமத்தையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். மேலே ஒலிப்பது ஒரே சுரந்தான். ஆயினும், முதலில் அது வீடுசேர்ந்த அமைதியைத் தரும்; தைவதத்தின்மேல் நிற்கும்போது அதில் ஒரு துயரம் படரும்; மத்திமத்தின்மேல் நிற்கும்போது வெளியொன்று திறந்தாற்போல் தோன்றும். பாடகர் யாதொன்றும் செய்யாதிருக்கவே பாட்டின் பொருள் மாறிவிடுகின்றது. இம்மாற்றத்தைச் செய்யும் தாழ்ந்த சுரங்களின் தொடரை இக்கட்டுரையில் அடிச்சுர ஓட்டம் என்று குறிப்பிடுவோம்.

இத்துணை ஆற்றல் வாய்ந்த ஒன்றை நாம் கவனியாது விட்டமைக்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்வது. சிறு வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி அத்தகைய அதிர்வுகளைப் பெரும்பாலும் வெளிப்படுத்தாது. அவற்றோடு கூடிப் பிறக்கும் மேற்சுரங்களே நம்மை வந்தடைகின்றன; எஞ்சியதைச் செவி தானே ஊகித்துக்கொள்கின்றது. மின்சாரம் அற்று, மின்கலமும் அரும்பொருளாயிருந்த 1990களில் வன்னியில் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னைக்கொண்டு பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு அடிச்சுரம் என்பது ஊகத்தின் ஊகமே. குரல் கேட்டது, புல்லாங்குழல் கேட்டது, வயலின் கேட்டது. பாட்டின் அத்திவாரம் கேட்கவில்லை.

கேட்டதன் பெயர்களையோவெனின் நாம் நன்கறிவோம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இவ்வகையில் செய்த தொண்டு பெரிது. எஸ். பி. மயில்வாகனன் காலந்தொட்டு பி. எச். அப்துல் ஹமீத் காலம்வரை, படத்தின் பெயரோடு பாடியவர், இசையமைத்தவர், கவிஞர் ஆகியோரின் பெயர்களையும் பிழையின்றி உச்சரித்து நம் நினைவில் பதியவைத்த பெருமை அதற்கு உண்டு. கவிஞர் பெயரைப் பாமரரும் அறிந்தமை இதனாலேயே என்று சொன்னாலும் தகும். அறிவிப்பாளரைக் குறைகூறுதற்கு இடமில்லை. இசைத்தட்டின் நடுவே ஒட்டப்பட்ட வட்டத்தாளில் அச்சிடப்பட்டிருந்த பெயர்களும் அவ்வளவே.

நம் மரபிலும் இக்குறைக்கு வேர் உண்டு. கச்சேரி அழைப்பிதழில் வயலின், மிருதங்கம், கடம் வாசிப்போர் பெயர்கள் தவறாது இடம்பெறும். தம்புரா மீட்டுபவர் பெயரைக் காண்பது அரிது. கோயில் திருவிழா விளம்பரத்தில் நாதசுர வித்துவான் பெயரும் தவில் வித்துவான் பெயரும் கொட்டை எழுத்தில் வரும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்றார் தவிலுக்கென்றே கூட்டம் கூட்டியவர்கள். ஆனால், அதே மேளத்தில் மூச்சு விடாது சுருதி காத்து நின்ற ஒத்துக்காரரின் பெயரை எந்த விளம்பரம் தாங்கிற்று? பெயர் தாராததோடு அமையாது, “ஒத்து ஊதுதல்” என்ற தொடரையே பிறர் சொல்லுக்குத் தலையாட்டுதலைச் சுட்டும் இகழ்மொழியாகவும் ஆக்கிவிட்டோம். அடிச்சுர ஓட்டம் ஒத்துப்போல் ஓரிடத்தில் நிற்பதன்று என்பது உண்மையே. எனினும், கீழே ஒலிப்பது ஏவலே என்னும் மனப்பான்மை இரண்டிற்கும் பொது.

இம்மனப்பான்மை தமிழர்க்கே உரியதுமன்று. மேலைநாட்டு றொக் இசையில், குழுவினர் அனைவரையும் பெயர்சொல்லிப் போற்றும் இரசிகர் நடுவிலேயே, பேஸ் வாசித்தவர் பெயர் மறைக்கப்பட்டதுண்டு. த பேர்ட்ஸ் என்னும் குழுவுக்குப் புகழ் தேடித்தந்த ‘மிஸ்டர் ரம்பரீன் மான்’ (1965) இசைத்தட்டில் அக்குழுவினருள் கருவி வாசித்தவர் ஒருவரே. பேஸ் வாசித்தவர் லாரி நெக்ரல் என்னும் கூலிக்கலைஞர். த டோர்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1967இல் வெளிவந்தபோதும் ‘லைற் மை பயர்’ முதலிய பாடல்களில் பேஸ் வாசித்தவர் அவரே. அக்குழுவில் பேஸ் கலைஞர் எவரும் இருந்ததில்லை. மேடையில் அச்சுரங்களை விசைப்பலகை வாசித்த ரே மன்சாரெக் தம் இடக்கையால் ஒலிப்பார். நால்வர் குழு நால்வராகவே தோன்றவேண்டும் என்பதனால் ஐந்தாமவர் உறையில் இடம்பெறவில்லை. ஈண்டு மறைக்கப்பட்டது வெறும் பெயரன்று, உண்மையே எனலாம்.

மோட்டவுன் நிறுவனத்தின் கதை வேறு. டிற்றோயிற் நகரிலிருந்து 1960களில் அந்நிறுவனம் வெளியிட்ட எண்ணற்ற பாடல்களில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் முன்னே வைக்கப்பட்டது பெரும்பாலும் சுருக்கமான குறிப்பே. அதிலிருந்து வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே அவர் புனைந்தெடுத்த ஓட்டங்கள் பாட்டுக்குள் இன்னொரு பாட்டாய் அமைந்தன. அவர் பெயர் உறையில் அச்சேறுவதற்கு மார்வின் கேயின் ‘வற்ஸ் கோயிங் ஒன்’ வெளியான 1971வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1983இல் அவர் இறந்தார். உலகப் புகழ் பெரும்பாலும் அதன் பின்னரே வந்தது.

இந்தியத் திரையுலகில் இசைக்கலைஞர் பெயர் மறைந்தமைக்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. பம்பாய்த் திரையிசையில் வாத்தியக் குழுவை ஒழுங்கமைத்த கோவாக் கலைஞருள் அன்ரனி கொன்சால்வெஸ் ஒருவர். அவர்தம் வயலின் மாணாக்கரும் இலட்சுமிகாந்த் – பியாரேலால் இரட்டையருள் ஒருவருமாகிய பியாரேலால், 1977இல் வெளிவந்த ‘அமர் அக்பர் அன்ரனி’ படத்துக்கு இசையமைத்தபோது குருவின் பெயரையே ஒரு பாட்டில் ஏற்றினார். கோடிக்கணக்கானோர் வாயில் அப்பெயர் புகுந்தது, ஒரு நகைச்சுவைப் பாட்டின் பாத்திரமாக!

தமிழுக்கு வருவோம். விசுவநாதன் – ராமமூர்த்தி காலத்துப் படங்களின் எழுத்தோட்டத்தில் உதவியாளர் பெயர் ஓரிரண்டு காணப்படுவதுண்டு. வாசித்தோர் பெயர்கள் இல்லை. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு தொடங்கிய இளையராஜாவின் காலமே அடிச்சுர ஓட்டம் தமிழ்ப்பாட்டில் தலைநிமிர்ந்த காலம். அவர் தாமே கிற்றார் வாசித்துப் பிழைத்தவர். தன்ராஜ் மாஸ்ரரிடம் மேலையிசை பயின்றவர். ‘பகலில் ஓர் இரவு’ (1979) படத்தின் ‘இளமை எனும் பூங்காற்று’, ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ ஆகியவற்றை நல்ல ஒலிவாங்கிகளைச் செவியில் பொருத்திக் கேளுங்கள். பாடகர் ஒரு சுரத்தில் இளைப்பாறும் இடங்களில் கீழே ஒருவர் நடக்கத் தொடங்குகின்றார். தனியே பிரித்துப் பாடத்தக்க ஓட்டம் அது. இவ்விசையமைப்பாளரின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ‘இளைய நிலா’ (1982) என்றதும் கிற்றார் வாசித்தவர் யார் எனக் கேட்டுச் சந்திரசேகர் என்று அறிந்துகொண்டவர்கூட, அந்தக் கிற்றாரைத் தாங்கிநின்ற கையைப் பற்றிக் கேட்டதில்லை.

அண்மைக்காலத்தில் சசிதரன் பெயரை அறிந்தோர் சிலர், அவ்வோட்டங்கள் முழுவதையும் அவர்க்கே உரிமையாக்கிப் பேசுகின்றனர். இஃது ஏற்கத்தக்கதன்று. இளையராஜா வாத்தியங்களுக்குரிய பகுதிகளை மேலைச் சுரக்குறியீட்டில் தாமே எழுதிக் கொடுப்பவர். ஆகவே சுரங்கள் அவருடையவை. ஜேமர்சனுக்குரிய புகழை அவ்வண்ணமே இங்குப் பெயர்த்து வைத்தல் பொருந்தாது. எனின் வாசித்தவர்க்கு எஞ்சுவது யாது? ஒரு சுரத்தை எப்பொழுது விடுவது, அடுத்ததற்கு வழுக்கிச் செல்வதா தாவிச் செல்வதா, தாளத்தின்மேல் விழுவதா மயிரிழை பிந்தி விழுவதா என்பவை எந்தத் தாளிலும் முற்ற அடங்கா. கமகத்தைச் சுர எழுத்தில் அடக்கிவிடலாம் என்று நம்பாத நாம் இதனை விளங்கிக்கொள்வது எளிது. எழுதியவர், வாசித்தவர் என்னும் இருவரையும் அறிந்தாலன்றி, ஒரு பாட்டின் அழகுள் எது எழுத்தைச் சார்ந்தது, எது கையைச் சார்ந்தது என்று பிரித்துரைத்தல் இயலாது. பெயரறியாமை திறனாய்வுக்கு விளைக்கும் ஊறு இதுவே.

பெயர் கிடையாதவிடத்து என்செய்வது என்பதற்கு நம் முன்னோர் வழிகாட்டியுள்ளனர். சங்கப் பாடல்களைத் தொகுத்தோர், ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்கள் சிலவற்றுக்கு அப்பாட்டிலுள்ள சிறந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் வழங்கினர். பாட்டுள் ஆழ்ந்து, எந்த இடத்தில் அப்புலவர் உயிர்த்து நிற்கின்றார் என்று கண்டவர்க்கன்றி இது கைகூடாது. திரையிசை பற்றி எழுதும் நம்முள் எத்தனை பேர், பெயரறியாத ஒரு பேஸ் கலைஞருக்கு அவர்தம் வாசிப்பிலிருந்தே ஒரு பெயர் சூட்டுமளவுக்குக் கேட்டிருக்கின்றோம்?

இன்னொன்றும் கருதத்தக்கது. வன்னியில் கோயில் திருவிழா மேடைகளில் ஏறும் இசைக்குழுக்களில் பேஸ் வாசிக்கும் இளைஞர் பெரும்பாலும் ஆசிரியரிடம் பயின்றவரல்லர். பழைய பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, விரலால் தடவித் தடவிப் பிடித்துக்கொள்கின்றனர். கருநாடக இசை பயில்வோன் தன் குருவையும் குருவின் குருவையும் சொல்ல வல்லவன். இவ்விளைஞரோ தாம் எவருடைய மாணாக்கர் என்பதைத் தாமே அறியார்.

1992இல் ‘ரோஜா’வோடு வந்த ஏ. ஆர். ரஹ்மான், அதன்பின் வெளியிட்ட கசெற் அட்டைகளிலும் இறுவட்டு உறைகளிலும் வாசித்தோர் பெயர்களைக் கருவிவாரியாக அச்சிடுவித்தமை தமிழ்த் திரையிசையில் ஒரு நல்ல திருப்பம். கீத் பீற்றர்ஸ் என்னும் பேஸ் கலைஞரின் பெயரை எழுத்திற் கண்டு அறிந்தோர் பலர் அவ்வுறைகளால் அறிந்தவரே. இப்பொழுது உறையும் இல்லை, இறுவட்டும் அரிது. பாடலைக் கைத்தொலைபேசியிற் கேட்கின்றோம். செவியில் பொருத்தும் சிறு கருவியோ அன்றைய வானொலிப் பெட்டி தாராத தாழ்ந்த சுரங்களையெல்லாம் தெளிவாகத் தருகின்றது. திரையிலோ பெரும்பாலும் பாடியவர், இசையமைத்தவர், கவிஞர் என்னும் அதே மூன்று பெயர்களே தோன்றுகின்றன.