இசைவும் செம்மையும்: வழிகாட்டற் செய்மதிகளின் ஒழுக்குக் கணிப்புப் பற்றிய ஒரு நோக்கு

வழிகாட்டற் செய்மதிகளின் ஒழுக்கும் கடிகாரமும் எத்துணைச் செம்மையாகக் கணிக்கப்படுகின்றன? இவ்வினாவுக்கு விடைகாண்போர் பலர், 1994 முதல் இயங்கிவரும் சர்வதேச ஜி.என்.எஸ்.எஸ். சேவையின் இறுதி வெளியீட்டை உண்மையெனக் கொண்டு, அதனின்றும் வேறுபடுவதையெல்லாம் வழு என்பர். இம்முறை எல்லா இடத்தும் பொருந்துமா என்பதே நாம் ஈண்டு ஆராய்வது.

ஜி.பி.எஸ். செய்மதிகள் தாமே ஒலிபரப்பும் ஒழுக்குத் தரவுகளின் வழு ஏறத்தாழ 1 மீற்றர். இறுதி வெளியீட்டின் வழுவோ ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர். எனவே முன்னதைப் பின்னதால் அளத்தல் தகும். ஆயின், சென்ரிமீற்றர் அளவிலான புதியதொரு கணிப்பை அவ்வெளியீட்டுடன் ஒப்பிடின், நாம் காண்பது இசைவேயன்றிச் செம்மை அன்று. ஒரே மாதிரியுருவைக் கையாளுவோர் ஒருங்கே தவறவும் கூடும்.

இது வெறும் ஐயமன்று. லேசர் தெறிகருவிகளைத் தாங்கிய இரு ஜி.பி.எஸ். செய்மதிகள் 1993, 1994 ஆம் ஆண்டுகளில் ஏவப்பட்டன. லேசரால் அளந்த தூரங்கள், வானொலி அலைகளைக்கொண்டு கணித்த தூரங்களினின்றும் சில சென்ரிமீற்றர் ஒரே பக்கமாக விலகின. புவி தெறித்தும் காலியும் விடும் கதிர்வீச்சின் அமுக்கமும், செய்மதி அலைகளை அனுப்புகையில் எழும் உதைப்பும் கணிப்பிற் சேர்க்கப்படாமை அவ்விலகலுக்கு ஒரு காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. கணிப்புகள் தம்முள் இசைந்திருந்தமை இக்குறையை மறைத்ததேயன்றி நீக்கவில்லை.

லேசர்ச் சான்றும் முழுமையானதன்று. 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து நோக்கின், புவியின் விளிம்பு அதன் மையத்தினின்றும் ஏறத்தாழ 14 பாகையே விலகித் தோன்றும். ஆதலின் லேசர் பெரிதும் ஆரைத்திசை வழுவையே காட்டும். ஒழுக்கின் வழியேயும் அதற்குக் குறுக்கேயும் உள்ள வழுக்களைப் பற்றி அது கூறுவது சிறிதே. முகில் மூடிய வேளையிலோ அளவீடே இயலாது.

கடிகாரத்தைத் தனியே மதிப்பிடுவதும் குறையுடைத்து. 1 நனோசெக்கன் வழு 30 சென்ரிமீற்றர் தூரத்துக்குச் சமம். ஆரைத்திசை வழுவைக் கடிகாரக் கணிப்பு பெருமளவு ஈடுசெய்துவிடுதலும் உண்டு. அப்போது இரண்டும் தவறாயிருப்பினும் பயனாளர் பெறும் நிலை சரியாகவே தோன்றும். எனவே இரு வழுக்களையும் தனித்தனியாகவும் ஒருசேரவும் காட்டாத அட்டவணை அரைச் சான்றே.

வேறொரு கணிப்புடன் காணும் இசைவு, அடுத்தடுத்த நாள்களின் ஒழுக்குகள் பொருந்துமாறு, லேசர் அளவீடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் எதனைக் காணவல்லது என விளக்கும் ஆய்வையே நாம் மதிப்பீடு எனக் கொள்ளுதல் தகும்.